கறிக்கு எடுத்து வைக்காத மீன்

பேச்சு அடங்கிய வகுப்பைப் பார்த்து நிம்மதியாக மூச்சு விடுகிறவர்கள் இந்த வேலைக்கு வரக் கூடாது. நான் வந்தேன். வந்ததோடு நில்லாமல் பல வருஷம் சம்பளமும் வாங்கினேன். அதனால் என் வேலைக்குப் புதிதாக வந்திருக்கிற நீங்கள் இப்போது உட்கார்ந்திருக்கிற நாற்காலியைப் பற்றிச் சொல்ல எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு. அது ஒரு பக்கம் சாயும். அதற்கும் நான்தான் காரணம்.

நாசரேத் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். ஓய்வு பெற்ற கொஞ்ச நாளில் என்னிடம் ஒன்பதாம் வகுப்பில் படித்த பையன் ஒருவன் வீடு தேடி வந்தான். தூத்துக்குடியில் கம்ப்யூட்டர் விளையாட்டு செய்கிற கம்பெனி நடத்துவதாகவும், ஆடுகிறவர்களுக்கு இங்கிலீஷில் பதில் எழுத ஆள் வேண்டும் என்றும் சொன்னான். அவனை நான் எத்தனையோ தடவை பெஞ்சு மேல் ஏற்றியிருக்கிறேன். பழி வாங்க வந்திருக்கிறானோ என்று ஒரு சந்தேகம் எனக்கு அப்போதே உண்டு. இன்றைக்கும் அந்தச் சந்தேகம் தீரவில்லை. அவன்தான் உங்கள் முதலாளி. பெயர் போட்டால் வெட்கப்படுவான், விட்டுவிடுகிறேன்.

என் பதவிக்குப் பெயர் கம்யூனிட்டி மேனேஜர். ஊருக்குப் போய்ப் பெருமையாகச் சொன்னேன். என் அக்கா, "ஏளா, கம்யூனிட்டி சர்டிபிகேட் குடுக்குத வேலையா? அது தாலுகா ஆபீசுல்லா?" என்றாள். இல்லை, விளையாடுகிறவர்களோடு பேசிக்கொண்டிருப்பதுதான் வேலை என்று விளக்கினேன். "அதுக்குச் சம்பளமா!" என்று கேட்டுவிட்டு, தன் மருமகனுக்கும் அங்கே ஒரு வேலை கிடைக்குமா என்று விசாரித்தாள்.

இணையத்தில் நம் கம்பெனிக்கு ஒரு மன்றம் இருக்கிறதே, ஆடுகிறவர்கள் வந்து கேட்கவும் குறை சொல்லவும், அதுதான் என் வகுப்பறை. முதல் நாளே என் போட்டோவைப் போட்டேன். பள்ளி ஆண்டு விழாவில் எடுத்தது, கையில் பிரம்பு இருக்கும். நாடகத்துக்காகப் பிடித்த பிரம்பு அது. அந்தப் படத்தில் கொஞ்சம் ஒல்லியாகத் தெரிவேன் என்பதால் வேறு படம் தேடவில்லை. பின்னால் அந்தப் பிரம்பு என்னையே அடித்தது.

நம் முதல் விளையாட்டு, துறைமுகத்தில் கண்டெய்னர் அடுக்குகிற விளையாட்டு. அதை யார் ஆடுவார்கள் என்று நான் நினைத்தேன். கப்பல்காரர்கள் ஆடினார்கள். நாள் முழுக்கக் கண்டெய்னரோடு மல்லுக்கட்டிவிட்டு, ஓய்வு நேரத்தில் கட்டிலில் சாய்ந்துகொண்டு மறுபடியும் கண்டெய்னர் அடுக்கினார்கள். காரணம் ஒன்றுதான். நம் விளையாட்டுக்கு நெட் வேண்டாம். கரையில் கப்பல் கட்டியிருக்கும்போது இறக்கி வைத்துக்கொண்டால், நடுக்கடலில் எத்தனை நாள் வேண்டுமானாலும் ஆடலாம். பழைய கப்பல்களில் வாட்ஸப்பில் ஒரு வரி போவதே பெரிய பாடு என்று அவர்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

அவர்களில் ஒருவன் பெரியதாழைக்காரன். மன்றத்தில் அவனுக்குச் சுக்கான் என்று பெயர். சம்பளம் கிடையாது, சலுகை கிடையாது, ஆனாலும் மன்றத்தைக் கட்டிக் காத்தவன் அவன்தான். புதிதாக வருகிறவன் கேட்கிற கேள்விக்கு நான் பதில் தேடுவதற்குள், அவன் ஏதோ ஒரு துறைமுகத்திலிருந்து பதில் போட்டிருப்பான். சண்டை வந்தால் விலக்கிவிடுவான். எந்த அறிவிப்பு மேலே நிற்க வேண்டும் என்று முடிவு செய்கிற அதிகாரத்தையும் அவனுக்கே கொடுத்திருந்தோம். அதாவது, என் வேலையை அவன் செய்தான், சம்பளத்தை நான் வாங்கினேன்.

இரண்டாவது விளையாட்டுதான் 'ஏழாம் பார்'. கடலுக்கடியில் முத்துச்சிப்பி விளைகிற பாறைத் திட்டைப் பார் என்பார்கள். மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு பாராக இறங்கிச் சிப்பி எடுத்து வரவேண்டும். வேலை பாதி நடந்துகொண்டிருக்கும்போதே சுக்கான் மன்றத்தில் கேட்டான், "டீச்சர், இதுவும் நம்ம பழைய கடையிலதானே வரும்? நாங்க கப்பல்ல வச்சு ஆடலாம்லா?"

விளையாட்டு விற்கிற இணையக் கடைகள் பல இருக்கின்றன. நம்முடையது எப்போதும் ஒரே கடையில்தான் வந்துகொண்டிருந்தது. யாரிடமும் கேட்காமல் நான் பதில் போட்டேன்: "வரும். டீச்சர் சொன்னால் சொன்னதுதான்." அவன் சந்தோஷமாக அதை மன்றத்தின் உச்சியில் ஆணியடித்தது மாதிரி நிறுத்தி வைத்தான். நுணலும் தன் வாயால் கெடும் என்று எத்தனை பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தியிருப்பேன்!

அதற்குக் கொஞ்ச நாள் கழித்துப் புதுக்கடை வந்தது. புதுக்கடை என்றே சொல்கிறேன், பெயர் வேண்டாம். ஏழாம் பாரை ஒரு வருஷம் தங்களிடம் மட்டுமே விற்க வேண்டும், அதற்கு முன்பணம் தருகிறோம் என்றார்கள். அந்தப் பணம் வராவிட்டால் ஏழாம் பார் பாதியில் நின்றிருக்கும். படம் வரைகிற பிள்ளைகள் பெங்களூருக்குப் பெட்டி கட்ட ஆரம்பித்திருந்தார்கள். வந்தாலோ, விளையாட்டும் முடியும், நம் ஆபீஸ் இருக்கிற மக்ரூன் கடை மாடியிலிருந்து துறைமுக ரோட்டுக் கண்ணாடிக் கட்டடத்துக்கும் குடி போகலாம்.

முதலாளி கொஞ்சங்கூட யோசிக்கவில்லை. அவன் குடும்பம் கடற்கரைக் குடும்பம், அப்பாவுக்குச் சொந்தமாக மீன்பிடிப் படகு உண்டு. "இதுல என்ன டீச்சர் இருக்கு? எங்கப்பா முன்பணம் வாங்குன ஏலக்காரருக்குத்தான் மீன் போடுதாரு. வேற ஏலத்துக்குக் கொண்டு போவாரா? தாத்தா காலத்துலேர்ந்து இப்படித்தானே நடக்கு" என்றான். எனக்கும் அது நியாயமாகவே பட்டது. நான் வாக்குக் கொடுத்திருக்கிறேனே என்று மெல்ல இழுத்தேன். "கடைதானே டீச்சர் மாறுது, விளையாட்டா மாறுது?" என்றான். பெஞ்சு மேல் நின்றவன் நன்றாகத்தான் பேசுகிறான் என்று நினைத்துக்கொண்டேன். கையெழுத்தும் போட்டாயிற்று.

புதுக்கடையில் வாங்குகிற விளையாட்டு, வாரத்துக்கு ஒரு தடவையாவது நெட்டில் வந்து தலையைக் காட்டினால்தான் திறக்கும். இதைக் கேட்டபோது எனக்கு அந்தக் கடை மேல் மரியாதையே வந்தது. வருகைப் பதிவு எடுக்கிறார்கள், ஒழுங்கான கடை! கப்பலை நம்பிப் பிழைக்கிற ஊரில், ஜன்னலைத் திறந்தால் கிரேன் தெரிகிற ஆபீசில் உட்கார்ந்துகொண்டு, நடுக்கடலில் நெட் இருக்காது என்பது எங்கள் இரண்டு பேர் மூளைக்கும் எட்டவில்லை. ஒருத்தி நாசரேத்துக்காரி, அவளை விடுங்கள். இன்னொருவன் கடலில் குளித்து வளர்ந்தவன்.

அறிவிப்பை நான்தான் எழுதினேன். பள்ளிக்கூடத்தில் விளையாட்டுப் பீரியடை ரத்து செய்தாலும் சரி, சுற்றுலாவை நிறுத்தினாலும் சரி, 'மாணவர் நலன் கருதி' என்று ஆரம்பித்துச் சுற்றறிக்கை எழுதியே பழகிய கை. அந்தக் கை சும்மா இருக்குமா? 'உங்கள் நன்மையைக் கருதியே எடுக்கப்பட்ட முடிவு' என்று தொடங்கி, 'உங்கள் ஒத்துழைப்புக்கு முன்கூட்டியே நன்றி' என்று முடித்தேன். எழுதி முடித்து இரண்டு தடவை படித்து ரசித்தேன். பதிவு போட்டுவிட்டுக் கீழே டீ குடிக்கப் போனேன்.

திரும்பி வந்தபோது மன்றம் தீப்பிடித்த மாதிரி இருந்தது. எவன் நன்மை என்று உலகத்தின் எல்லா மூலையிலிருந்தும் கேட்டிருந்தார்கள். காசுக்கு விலை போனீர்கள் என்றார்கள். நண்பர்களெல்லாம் பழைய கடையில் இருக்க, நாங்கள் மட்டும் ஏன் இன்னொரு கடைக்குப் போய்ப் பெயர் எழுத வேண்டும் என்றார்கள். வாரா வாரம் ஆஜர் சொல்ல நாங்கள் என்ன ஜாமீனில் வந்த கைதிகளா என்று ஒருவன் கேட்டான். என் பிரம்புப் படத்தை எடுத்து, கீழே 'உன் நன்மைக்குத்தான், கையை நீட்டு' என்று எழுதி ஊரெல்லாம் பரப்பினார்கள். உண்மையைச் சொன்னால், அதிலும் நான் ஒல்லியாகத்தான் இருந்தேன்.

இந்த நேரத்தில் உங்களைப் போன்றவர்கள் என்ன செய்வீர்கள் என்று தெரியாது. முப்பது வருஷ டீச்சர் என்ன செய்வாள்? வகுப்பு சத்தம் போட்டால் மேஜையைத் தட்டுவாள். நான் மன்றத்தைப் பூட்டினேன். யாரும் எதுவும் எழுத முடியாது, படிக்க மட்டும் முடியும். ஊசி விழுந்தால் கேட்கிற அமைதி. அப்பாடா என்று நாற்காலியில் சாய்ந்தேன், அன்றைக்குத்தான் அதன் கால் வளைந்தது.

ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? மன்றத்தில் பேச முடியாதவர்கள் நேரே பழைய கடைக்குப் போய், பாவம், ஒரு தப்பும் செய்யாத கண்டெய்னர் விளையாட்டின் மேல் விழுந்தார்கள். மோசம், வாங்காதே, ஏமாற்றுக்காரர்கள் என்று மதிப்புரை மேல் மதிப்புரை. அந்த விளையாட்டைச் செய்த நம் ஆபீஸ் பிள்ளைகள் மானிட்டர் முன்னால் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நான் செய்த காரியத்துக்கு அவர்கள் அடி வாங்குவதைப் பார்க்க எனக்கு மனசு கேட்கவில்லை. ஆனாலும் பூட்டைத் திறக்கவில்லை. திறந்தால் தோற்ற மாதிரி ஆகிவிடும் என்று ஒரு வறட்டு வீம்பு.

அந்தப் பூட்டிய மன்றத்தின் உச்சியில் இன்னொன்று அப்படியே நின்றது. 'வரும். டீச்சர் சொன்னால் சொன்னதுதான்.' எடுக்க வேண்டியவன் சுக்கான். அவன் எடுக்கவில்லை. நான் எடுத்திருக்கலாம், எனக்கும் கை வரவில்லை. மூடிய கடைக்கு மேலே தொங்குகிற பெயர்ப்பலகை மாதிரி அது என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தது. மற்றவர்கள் ஆயிரம் திட்டினார்கள், இவன் ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்கு உண்மையிலேயே பயம் வந்தது அப்போதுதான்.

அவன் கப்பல் கொழும்பைத் தொட்டபோது குரல் செய்தி ஒன்று வந்தது. மத்தியானச் சாப்பாட்டு நேரம், கீழே மக்ரூன் அடுப்பிலிருந்து சீனியும் முந்திரியும் வேகிற வாசனை வந்துகொண்டிருந்தது. முதலாளியும் பக்கத்தில் இருந்தான். நான் போனை மேஜையில் வைத்துப் போட்டேன்.

"டீச்சர், நல்லா இருக்கியளா? நான் கோவப்படல. உங்களுக்கும் துட்டு வேணும்லா, அது எனக்குத் தெரியும். ஆனா எங்க கப்பல்ல இந்தப் புதுக்கடை திறக்காது டீச்சர். வாரத்துக்கு ஒருக்க நெட்டுக்கு நான் எங்க போவேன்? பயலுவ எல்லாத்துட்டயும் டீச்சர் சொல்லிட்டாங்கன்னு நான்தான் சொல்லி வச்சேன். இப்ப அவனுவ மூஞ்சியில முழிக்க முடியல. ஒண்ணே ஒண்ணு கேக்கேன். உங்க முதலாளி வீட்டுப் படகுல, ஏலத்துக்குப் போடுததுக்கு முன்னால கறிக்கு மீன் எடுத்து வைப்பாவளா, மாட்டாவளா? எங்களுக்கு அதுகூட இல்லியா டீச்சர்? சரி, வைக்கேன்."

எனக்குப் புரியவில்லை. முதலாளியைப் பார்த்தேன். அவன் முகம் செத்துப் போயிருந்தது. பெஞ்சு மேல் நிற்கும்போதுகூட அவன் முகம் அப்படி ஆனதில்லை. பிறகு அவனே சொன்னான். படகு எந்த ஏலக்காரருக்குக் கட்டுப்பட்டிருந்தாலும், கரை சேர்ந்ததும் முதல் காரியம், கடலுக்குப் போனவர்கள் வீட்டுக் கறிக்கு மீன் எடுத்து வைப்பதுதான். முன்கூட்டிச் சொல்லி வைத்தவர்களுக்கும் அதில் பங்கு உண்டு. மிச்சந்தான் ஏலத்துக்குப் போகும். எந்த ஏலக்காரரும் அதில் கை வைக்க மாட்டார், ஒரு வார்த்தை கேட்கவும் மாட்டார்.

"முன்பணம் வாங்குனது மட்டும் எனக்கு ஞாவகம் இருந்துருக்கு டீச்சர்," என்றான். "எங்கப்பா கேட்டா என்னைச் செருப்பால அடிப்பாரு."

"ஏலே, அப்ப கடைக்காரங்ககிட்டப் பேசுலே," என்றேன். ஆபீசில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். முதலாளியை சார் என்று கூப்பிட வேண்டும் என்கிற விதியை வகுத்ததே நான்தான்.

அன்று சாயங்காலமே புதுக்கடை அம்மாளோடு வீடியோவில் பேசினோம். எங்கேயோ குளிர்நாட்டில் கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முதலாளி ஆரம்பித்தான், கறிக்கு மீன் என்கிற இடத்தில் இங்கிலீஷ் திக்கிவிட்டது. அந்த அம்மாள் மரியாதையாகக் கேட்டார், உங்கள் விளையாட்டில் மீன் ஏலமும் வருகிறதா என்று. நான் குறுக்கே புகுந்தேன். படகு, ஏலக்காரர், முன்பணம், கறிச்சட்டி எல்லாவற்றையும் விளக்கினேன். என் பணிக்காலத்தில் இவ்வளவு கஷ்டமான பாடத்தை நான் நடத்தியதே இல்லை. கையெழுத்துப் போட்ட பிறகு நாங்கள் இப்படி வந்து கேட்பது தப்பு என்றும் சொன்னேன். ஆனால் உங்களிடம் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் நான் இன்னொருவருக்கு வாக்குக் கொடுத்துவிட்டேன், அதை உங்களிடம் சொல்லாமல் மறைத்தது அதைவிடப் பெரிய தப்பு என்றேன்.

அந்த அம்மாள் எதையோ குறித்துக்கொண்டார். பிறகு கேட்டார்: "அந்த வீட்டில் சாப்பிடுகிறவர்கள் எத்தனை பேர்?"

முதலாளி மூச்சு விட்டான். அறிவிப்பு வருவதற்கு முன்னாலேயே மன்றத்தில் இருந்த அத்தனை பேரும் என்றான். அவர்களுக்கு மட்டும் எந்தக் கடையும் நெட்டும் வேண்டாத தனிப் பிரதி, வெளியாகிற அன்றைக்கே. மிச்சமெல்லாம் புதுக்கடைக்கு. அவர்கள் ஒத்துக்கொண்டார்கள். பதிலுக்கு முன்பணத்தில் ஒரு பகுதியைக் குறைத்தார்கள், அதுவும் நியாயந்தான். விளையாட்டை முடிக்கப் பணம் இருந்தது, கண்ணாடிக் கட்டடத்துக்கு இல்லை. நாம் ஏன் இன்னும் மக்ரூன் கடை மாடியில் இருக்கிறோம் என்று உங்களில் யாரோ கேட்டீர்களாமே, இதுதான் காரணம். உங்களுக்கு எடை கூடினால் என்னைத் திட்டுங்கள்.

மறுபடியும் அறிவிப்பு எழுத உட்கார்ந்தேன். "டீச்சர், சர்க்குலர் வேண்டாம். வீட்டுல பேசுத மாதிரி எழுதுங்க" என்று சொல்லிவிட்டு முதலாளி பக்கத்திலேயே நின்றான். பரீட்சை ஹாலில் நான் அவன் பக்கத்தில் நின்றது மாதிரி. நான் எழுதினேன்: 'நான் ஒரு வாக்குக் கொடுத்தேன், அதை மீறினேன். முன்பே இங்கே இருந்தவர்களுக்குக் கடையும் நெட்டும் வேண்டாத பிரதி வரும். மற்றவர்கள் ஒரு வருஷம் பொறுக்க வேண்டும், இல்லை புதுக்கடையில் வாங்க வேண்டும். இது உங்கள் நன்மைக்காக இல்லை. விளையாட்டை முடிக்க எங்களுக்குப் பணம் தேவைப்பட்டது.' அதைப் போட்டுவிட்டுப் பூட்டைத் திறந்தேன்.

அன்று முழுக்க வசவுதான். ஒன்று விடாமல் படித்தேன். ஆனால் கடைசி வரிக்குக் கீழே மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக வேறு மாதிரிப் பேச்சு வந்தது. இதை முதலிலேயே சொல்லித் தொலைத்திருக்கலாமே என்றார்கள். பணம் வேண்டும் என்று சொன்னால் ஜனங்களுக்குப் புரிகிறது. உன் நன்மைக்காகத்தான் உன் பையில் கை விடுகிறேன் என்றால்தான் ரத்தம் கொதிக்கிறது. என்னிடம் படித்த பிள்ளைகளுக்கும் அப்படித்தான் கொதித்திருக்க வேண்டும். அவர்களுக்கு மதிப்புரை எழுத ஒரு இடம் இல்லாமல் போனது என் அதிர்ஷ்டம்.

எல்லாரும் திரும்பி வந்துவிட்டார்கள் என்று சொன்னால் அது பொய். போனவர்களில் பலர் போனவர்கள்தான். கண்டெய்னர் விளையாட்டின் மேல் விழுந்த மதிப்புரைகள் இன்றைக்கும் அங்கே இருக்கின்றன, போய்ப் பாருங்கள், நல்லது. சுக்கானுக்கு முதல் பிரதியை அனுப்பினேன். கிடைத்தது என்றுகூடச் சொல்லவில்லை. மன்றக் காவல் வேலையையும் விட்டுவிட்டிருந்தான். என் வாக்கை மட்டும் உச்சியிலிருந்து எப்போதோ இறக்கியிருந்தான். அது மன்னிப்பா, தலைமுழுக்கா என்று தெரியாமல் நான் பல வாரம் தவித்தேன். வெட்கமாக இருந்தாலும் சொல்கிறேன், சர்ச்சில் அவன் கப்பலுக்காக ஜெபம்கூடப் பண்ணினேன்.

விளையாட்டு வெளிவந்து வெகுநாள் கழித்து, ஒரு காலை வேளையில் மன்றத்தில் அவன் பெயர் தெரிந்தது. படபடப்போடு திறந்தேன்.

"டீச்சர், ஏழாவது பார்ல சிப்பிய எடுத்துட்டு மேல வந்தா வள்ளத்தக் காணும். நானும் எத்தன தடவதான் மூச்சு முட்டிச் சாவ? கப்பல்ல அம்புட்டுப் பயலும் செத்துக் கெடக்கான். இதெல்லாம் பாக்க மாட்டியளா? என்னத்தச் செஞ்சு வச்சிருக்கிய?"

அதற்குக் கீழே இன்னும் நீளமாகத் திட்டியிருந்தான். நான் நாற்காலியை விட்டு எழுந்து கை தட்டினேன். டீச்சருக்கு என்னவோ ஆகிவிட்டது என்று பிள்ளைகள் தண்ணீர் கொண்டு வந்தார்கள். கீழே போய் எல்லாருக்கும் மக்ரூன் வாங்கி வந்தேன், ஏழாவது பாரைச் செய்து படகைத் தொலைத்த பையனுக்கு இரண்டு பங்கு. நம்மைத் திட்டுகிறவன் இன்னும் நம் விளையாட்டை ஆடிக்கொண்டிருக்கிறான், பிள்ளைகளா. அவன் அமைதியாகிற அன்றைக்குத்தான் நீங்கள் பயப்பட வேண்டும்.

இந்த வேலையிலிருந்தும் ஓய்வு பெற்ற பிறகும் மன்றத்தை எட்டிப் பார்க்கிற பழக்கம் போகவில்லை. நேற்று சுக்கான் புதிதாக ஒரு குறை போட்டிருக்கிறான். மூன்றாவது பாரில் சிப்பி திறக்கவில்லையாம், நம் மூன்று தலைமுறையையும் சேர்த்துத் திட்டியிருக்கிறான். யாரும் இன்னும் பதில் போடவில்லை. எனக்குக் கை துறுதுறுத்தது, ஆனால் நாற்காலி உங்களுடையது. அவன் கப்பல் இப்போது நம் துறைமுகத்தில்தான் கட்டியிருக்கிறது, ஜன்னலைத் திறந்தால் தெரியும். நாளைக் காலையில் கிளம்புகிறது. அதற்கு முன்னால் பதில் போட்டுவிடுங்கள்.